ஓடும்போது மயங்கினானா, நிற்கும்போதா? இடம் மாறிப் பிறந்த இதயத் தமனியை ஸ்கேன் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

மலாய் மொழியில் தானா ராத்தா என்றால் சமநிலம். கேமரன் மலைக்கு வந்து போனவர்களுக்கு இந்தப் பெயர் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கும். கடைத்தெருவைத் தாண்டினால் எங்கும் ஏற்றம், இறக்கம். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரம். தேயிலைச் சரிவு, காய்கறித் தோட்டம், பள்ளிக்கூடம், கோயில் என எங்கே போனாலும் வழியில் ஒரு மேடு காத்திருக்கும்.

அதனால் இங்கே ஒரு பேச்சு சர்வசாதாரணம். "மேடு ஏறினா மூச்சு வாங்கத்தானே செய்யும்?" பிள்ளை பாதி வழியில் நின்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டால், "தண்ணி குடி, கொஞ்ச நேரம் உக்காரு, சரியாயிடும்" என்பார்கள். பெரும்பாலும் சரியாகியும் விடும். பிள்ளைகளுக்கு வரும் நெஞ்சு வலியில் பெரும்பகுதிக்கும் இதயத்துக்கும் சம்பந்தமே இல்லை. தசைப் பிடிப்பு, வயிற்று அமிலம், ஆஸ்துமா, பரீட்சைப் பயம் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம்.

ஆனால் மிகச் சிலருக்குக் காரணம் வேறு. இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய், அவர்கள் தாயின் வயிற்றில் இருக்கும்போதே தவறான இடத்திலிருந்து கிளம்பிவிட்டது. உட்கார்ந்திருக்கும்போது, நடக்கும்போது, தூங்கும்போது எந்தத் தொந்தரவும் இருக்காது. வேகமாக ஓடும்போது மட்டும் ஒரு நாள் மயக்கம் வரும். சிலருக்கு அந்த முதல் மயக்கமே கடைசியாகிவிடுகிறது.

இந்தக் குறைபாட்டைக் கண்டுபிடிக்க முடியும். சரி செய்யவும் முடியும். சிக்கல் என்னவென்றால், நாம் வழக்கமாக நம்பும் சோதனைகளில் அது சிக்காமல் போய்விடுகிறது.

குழாய் எங்கே பொருத்தப்பட்டிருக்கிறது?

இதயம் உடம்பு முழுவதற்கும் ரத்தம் அனுப்புகிறது. அந்த இதயத் தசைக்கே ரத்தம் வேண்டுமே, அது எங்கிருந்து வருகிறது? இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் அடிவாரத்திலேயே இரண்டு சின்னக் கிளைகள் பிரிகின்றன. இவைதான் கரோனரி தமனிகள். வலது பக்கக் குழிவிலிருந்து ஒன்று, இடது பக்கக் குழிவிலிருந்து ஒன்று. இடது தமனி சற்றுத் தூரம் போய் இரண்டாகப் பிரிந்து, இதயத்தின் முன்பக்கத்தையும் பக்கவாட்டையும் பார்த்துக்கொள்கிறது. பெரியவர்களுக்கே இந்தக் குழாய்களின் அகலம் சுமார் 3, 4 மில்லிமீட்டர்தான்.

மலைத் தோட்டங்களில் ஓடையிலிருந்து ரப்பர் குழாய் போட்டுத் தண்ணீர் இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். தொட்டியின் சரியான பக்கத்தில், வாய் அகலமாகத் திறந்து, நேராகக் கிளம்பினால் தண்ணீர் தடையில்லாமல் வரும். அதே குழாயைத் தொட்டியின் எதிர்ப் பக்கத்தில் பொருத்தி, மடக்கி, இரண்டு பெரிய குழாய்களின் இடுக்கில் நுழைத்துக் கொண்டுவந்தால்? சாதாரண நாளில் தண்ணீர் வரும். தேவை அதிகமாகும் நேரத்தில் பார்த்துக் கழுத்தை நெரித்துவிடும்.

இதயத்திலும் ஏறக்குறைய இதேதான். இடது தமனி வலது குழிவிலிருந்து கிளம்பினால், தன் இடத்துக்குப் போய்ச் சேர அது எப்படியாவது குறுக்கே கடந்தாக வேண்டும். சிலருக்கு அது பெருந்தமனிக்குப் பின்னால் சுற்றிப் போகும், சிலருக்கு நுரையீரல் தமனிக்கு முன்னால் போகும். இந்த வழிகளில் பொதுவாக ஆபத்து குறைவு. பெருந்தமனிக்கும் நுரையீரல் தமனிக்கும் நடுவில் நுழைந்து போகும் வழிதான் மருத்துவர்களைக் கவலைப்பட வைப்பது.

இரண்டு பெரிய குழாய்களும் ஓடும்போது விரிந்து நடுவில் உள்ளதை நசுக்குகின்றன என்றுதான் முன்பு விளக்கம் சொல்வார்கள். இப்போது ஆய்வாளர்கள் இன்னும் நுட்பமாகப் பார்க்கிறார்கள். இப்படிக் கிளம்பும் தமனி பல நேரங்களில் பெருந்தமனியின் சுவருக்குள்ளேயே சிறிது தூரம் ஓடுகிறது. அதன் வாய் வட்டமாக இல்லாமல், சட்டைப் பொத்தான் துளை மாதிரிக் கீறலாக இருக்கிறது. கிளம்பும் கோணமும் கூர்மையாகச் சாய்ந்திருக்கிறது. ஓடும்போது பெருந்தமனிச் சுவர் விரிந்து இழுபடும்போது அந்தக் கீறல் இன்னும் ஒடுங்குகிறது. இதயம் அதிக ரத்தம் கேட்கிற அதே நொடியில் வாசல் சாத்தப்படுகிறது.

எத்தனை பேருக்கு?

அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக்கில் 1960 முதல் 1988 வரை ஆஞ்சியோகிராம் செய்துகொண்ட 1,26,595 பேரின் பதிவுகளைப் புரட்டிப் பார்த்து 1990ஆம் ஆண்டு ஓர் ஆய்வு வெளியானது. அவர்களில் 1,686 பேருக்கு, அதாவது 1.3 விழுக்காட்டினருக்கு, கரோனரி தமனியில் ஏதோ ஒரு பிறவி மாற்றம் இருந்தது. பயந்துவிட வேண்டாம். அவற்றில் ஐந்தில் நான்கு பங்கு தீங்கில்லாதவை. உடம்பு தன் போக்கில் வரைந்த வேறொரு வரைபடம், அவ்வளவுதான்.

ஆபத்தான வகை எவ்வளவு? ஹூஸ்டன் நகரில் டெக்சாஸ் இதயக் கழகத்தைச் சேர்ந்த பாவ்லோ ஆஞ்சலினி குழுவினர் 5,169 பள்ளிப் பிள்ளைகளுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். எந்த நோயும் இல்லாத, ஓடியாடித் திரியும் பிள்ளைகள். அவர்களில் 23 பேருக்குத் தமனி எதிர்ப் பக்கக் குழிவிலிருந்து கிளம்பி ஆபத்தான வழியில் போயிருந்தது. அதாவது 200 பேருக்கு ஒருவர் என்பதை நெருங்கும் எண்ணிக்கை. அந்த 23இல் 17 வலது தமனி, 6 இடது தமனி. இடது தமனி இடம் மாறுவது அரிது, ஆனால் அதில்தான் உயிரிழப்பு அதிகம்.

எண்ணிக்கையைப் பார்த்து "அப்படின்னா நம்ம பள்ளிக்கூடத்துலயும் ரெண்டு பேர் இருப்பாங்களே" என்று தோன்றலாம். இருக்கலாம். அவர்களில் பெரும்பாலோர் எந்தச் சிக்கலும் இல்லாமல் வாழ்ந்து முடிப்பார்கள் என்பதும் உண்மை. யாருக்கு ஆபத்து, யாருக்கு இல்லை என்று பிரித்துச் சொல்வதுதான் கஷ்டம். அந்தப் பிரிப்பைச் செய்வதற்குத்தான் ஸ்கேன் படம் தேவைப்படுகிறது.

"இ.சி.ஜி. நார்மல்னு சொன்னாங்களே"

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள்.

2000ஆம் ஆண்டு இத்தாலிய ஆய்வாளர் கிறிஸ்டினா பாஸோவும் அமெரிக்க, இத்தாலிய மருத்துவர்களும் சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இந்தக் குறைபாட்டால் திடீரென இறந்துபோன 27 இளம் விளையாட்டாளர்களின் கதை அது. 25 பேர் கடுமையாக விளையாடிக்கொண்டிருக்கும்போதே விழுந்தவர்கள். மற்ற இருவர் விளையாடி முடித்த கையோடு. 23 பேருக்கு இடம் மாறியிருந்தது இடது தமனி.

உயிரோடு இருந்தபோது இவர்களில் 9 பேருக்கு இ.சி.ஜி. எடுக்கப்பட்டிருந்தது. 9 பேருக்கும் முடிவு இயல்பு. 6 பேரை உடற்பயிற்சி செய்யவைத்து இ.சி.ஜி. எடுத்திருந்தார்கள். அந்த 6 பேருக்கும் இயல்பு.

ஏன் இப்படி? படுத்திருக்கும்போது எடுக்கிற இ.சி.ஜி., அந்த நேரத்தில் இதயத்தின் மின்னோட்டம் எப்படி இருக்கிறது என்றுதான் சொல்லும். குழாய் எங்கிருந்து கிளம்புகிறது என்று அதற்குத் தெரியாது. ஓடவைத்து எடுத்தாலும், நெரிசல் எல்லா நேரமும் வருவதில்லை. இன்றைக்கு வராது, நாளைக்கு வரும். பழுதான குழாயைத் தேடி மின்சார மீட்டரைப் பார்ப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதே ஆய்வில் இன்னொரு தகவலும் உண்டு. 10 பேருக்கு முன்கூட்டியே அறிகுறி இருந்திருக்கிறது. விளையாடும்போது மயக்கம், விளையாடும்போது நெஞ்சு வலி. உடம்பு சொல்லியிருக்கிறது. சோதனை "ஒன்றுமில்லை" என்றதும், அந்தச் சொல்லை ஒதுக்கிவிட்டார்கள்.

அமெரிக்க ராணுவத்தில் 25 ஆண்டுகளில் பயிற்சிக்குச் சேர்ந்த 63 லட்சம் இளைஞர்களிடையே காயமில்லாமல் திடீரென இறந்த 126 பேரைப் பற்றி 2004இல் வெளியான ஆய்விலும் இதே குறைபாடு பெரிதாகத் தெரிந்தது. இதய அமைப்பில் காரணம் கண்டறியப்பட்டவர்களில் மூன்றில் ஒருவருக்கு இடம் மாறிய தமனி. அத்தனை பேருக்கும் இடது தமனிதான், அத்தனை பேருக்கும் அதே நடு வழிதான்.

சபைக்கூடலில் விழுந்தவனும் குறுக்கோட்டத்தில் விழுந்தவனும்

கற்பனையாக இரண்டு பையன்களை எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் 13 வயது, படிவம் ஒன்று. முதல் பையன் காலைச் சபைக்கூடலில் அரை மணி நேரம் வெயிலில் நின்றபின் கண் இருட்டி விழுகிறான். விழுவதற்கு முன் வயிற்றைக் குமட்டியது, வியர்த்தது, காதில் சத்தம் கேட்டது. காலையில் சாப்பிடவும் இல்லை. இரண்டாவது பையன் குறுக்கோட்டத்தில் மேட்டில் வேகமாக ஏறிக்கொண்டிருக்கும்போது, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் அப்படியே சரிகிறான். முகம் மண்ணில் மோதுகிறது. அரை நிமிடத்தில் எழுந்துவிடுகிறான்.

வீட்டில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான்: மயக்கம். மருத்துவருக்கு இவை இரண்டு வேறு விஷயங்கள். முதலாவது மிகப் பொதுவான, பெரும்பாலும் ஆபத்தில்லாத மயக்கம். இரண்டாவதற்கு, வேறு காரணம் உறுதியாகும்வரை இதயத்தைச் சந்தேகித்தே ஆக வேண்டும். இதில் தமனி மட்டுமல்ல, இதயத் தசை தடித்துப்போகும் பரம்பரை நோய், இதயத் துடிப்பின் மின்கோளாறு என்று வேறு சந்தேகங்களும் உண்டு.

ஆகவே கிளினிக்கில் "மயங்கிட்டான் டாக்டர்" என்பதோடு நிறுத்தாதீர்கள். ஓடும்போதா, ஓடி முடித்து நின்றபோதா, எத்தனை நிமிடம் ஓடியபின், கையை ஊன்றி விழுந்தானா அல்லது மரம் போலச் சாய்ந்தானா, முன்பு எப்போதாவது ஓடும்போது நெஞ்சை அழுத்துவதாகச் சொன்னானா, குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் திடீரென்று போய்ச் சேர்ந்தார்களா? இவற்றைச் சொல்லுங்கள். பக்கத்தில் ஓடிய நண்பனையோ விளையாட்டு ஆசிரியரையோ அழைத்துப் போக முடிந்தால் இன்னும் நல்லது. விழுந்தவனுக்கு எதுவும் ஞாபகம் இருக்காது, பார்த்தவனுக்குத்தான் இருக்கும்.

மலையில் வாழ்பவர்களுக்கு ஒரு குறிப்பு. 1,440 மீட்டர் உயரம் ஆரோக்கியமான பிள்ளையை மயங்கவைக்கும் உயரம் அல்ல. அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு அது பழகிப்போன காற்று. ஆகவே ஓட்டத்தில் வந்த மயக்கத்துக்கு மலைக்காற்றின் மேல் பழி போட வேண்டாம்.

பால் குடிக்கும்போது வியர்க்கிற குழந்தை

கைக்குழந்தை ஓடாது. அப்படியானால் அதற்கு உடற்பயிற்சி எது? பால் குடிப்பதுதான்.

இந்தக் குறைபாடுகளில் மிகக் கொடியது, இடது தமனி பெருந்தமனியிலிருந்து கிளம்பாமல் நுரையீரல் தமனியிலிருந்து கிளம்புவது. சுமார் 3 லட்சம் பிறப்புகளில் ஒன்று என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. 1933இல் பாஸ்டனைச் சேர்ந்த எட்வர்ட் பிளாண்ட், பால் டட்லி வைட், ஜோசப் கார்லண்ட் ஆகிய மூவர் ஒரு குழந்தையிடம் இதை விரிவாகப் பதிவு செய்தார்கள். மூவர் பெயரையும் சேர்த்துத்தான் இன்றும் அந்த நோயை அழைக்கிறார்கள். இவர்களில் வைட், பின்னாளில் அமெரிக்க அதிபர் ஐசன்ஹவருக்கு மாரடைப்பு வந்தபோது சிகிச்சையளித்த அதே மருத்துவர்.

பிறந்ததும் குழந்தை நன்றாகத்தான் இருக்கும். வயிற்றில் இருந்த காலத்து அழுத்தம் நுரையீரல் தமனியில் இன்னும் மிச்சமிருப்பதால் ரத்தம் எப்படியோ போய்ச் சேர்கிறது. வாரங்கள் போகப் போக அந்த அழுத்தம் இறங்கும். அப்போது இடது தமனியில் ரத்தம் திசை மாறிப் பின்னோக்கி ஓட ஆரம்பிக்கிறது. இதயத் தசை பட்டினி கிடக்கிறது. குழந்தை பால் குடிக்கத் தொடங்கி, பாதியில் விட்டு, மூச்சு வாங்கி, நெற்றி வியர்த்து, வலியில் வீரிட்டு அழும். எடை ஏறாது. பார்ப்பவர்கள் வயிற்று வலி என்றோ, உரம் விழுந்தது என்றோதான் நினைப்பார்கள். சிகிச்சை இல்லாவிட்டால் இப்படிப் பிறக்கும் குழந்தைகளில் 10இல் 9 பேர் முதல் பிறந்தநாளைப் பார்ப்பதில்லை.

இந்த வகையில் இ.சி.ஜி. கைவிடுவதில்லை. மாரடைப்பு வந்த பெரியவரின் இ.சி.ஜி. போலவே அடையாளம் விழும். எக்கோ ஸ்கேனில் நிறம் போட்டுப் பார்த்தால் ரத்தம் தலைகீழாக ஓடுவது தெரியும். சீக்கிரம் அறுவை சிகிச்சை செய்து தமனியைப் பெருந்தமனிக்கு மாற்றிப் பொருத்தினால், சோர்ந்துபோன இதயம் மாதக் கணக்கில் மெல்ல மெல்லத் தேறிவிடும். ஆகவே தாய்சேய் கிளினிக்கில் மிஸ்ஸி எடை பார்க்கும்போது "பால் குடிக்கிறப்போ ரொம்ப வேர்க்குது" என்று ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. சொல்வதற்குக் காசு கிடையாது.

எந்தப் படம் எதைக் காட்டும்?

சந்தேகம் வந்தபின் முதலில் எடுப்பது எக்கோ. ஒலி அலையால் எடுக்கும் படம். கதிர்வீச்சு இல்லை, ஊசி இல்லை. மெலிந்த மார்புள்ள சின்னப் பிள்ளைகளிடம், பழக்கப்பட்ட கை எடுத்தால் இரண்டு தமனிகளும் எங்கே தொடங்குகின்றன என்று பல நேரங்களில் பார்த்துவிடலாம். பிள்ளை வளர வளர, மார்புக்கூடும் நுரையீரலும் மறைத்துக்கொள்ளும். அதைவிட முக்கியம், பெரியவர்களுக்கு எடுக்கும் வழக்கமான எக்கோவில் தமனியின் தொடக்கத்தைத் தேடுவதே கிடையாது. வால்வு எப்படி, தசை எப்படி என்று பார்த்து "நார்மல்" என்று எழுதிவிடுவார்கள். ஓட்டத்தில் மயங்கியவருக்கு எக்கோ எடுத்திருந்தால், "ரெண்டு கரோனரி தமனியும் கிளம்புற இடம் தெரிஞ்சதா டாக்டர்?" என்று கேளுங்கள். இது மரியாதைக்குறைவான கேள்வி இல்லை. நல்ல கேள்வி.

முன்பெல்லாம் அடுத்தது ஆஞ்சியோகிராம். அது பிறந்த கதையே ஒரு விபத்து. 1958 அக்டோபர் 30ஆம் நாள், கிளீவ்லாந்து கிளினிக்கில் மேசன் சோன்ஸ் என்ற மருத்துவர் ஒரு நோயாளியின் பெருந்தமனியைப் படமெடுக்கச் சாயம் செலுத்தியபோது, குழல் நழுவி வலது கரோனரி தமனிக்குள் போய்விட்டது. சாயம் முழுவதும் அதற்குள் பாய்ந்தது. அந்தக் காலத்தில் அப்படி நடந்தால் உயிர் போய்விடும் என்று நினைத்தார்கள். இதயம் சில நொடி நின்றது. இருமச் சொன்னார்கள், மறுபடி துடித்தது. கரோனரி தமனிகளை நேரடியாகப் படமெடுக்கலாம் என்று உலகத்துக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான்.

கொழுப்பு அடைப்பைப் பார்க்க ஆஞ்சியோகிராம் இன்றும் சிறந்த முறை. இடம் மாறிய தமனிக்கு அது அவ்வளவு பொருத்தமில்லை. வாய் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் குழலால் துழாவ வேண்டும். கிடைத்தாலும் வருவது தட்டையான நிழல். தமனி இரண்டு பெரிய குழாய்களுக்கு நடுவில் போகிறதா, பின்னால் போகிறதா என்று நிழலை வைத்துச் சொல்வது அனுபவசாலிக்கும் குழப்பம்தான்.

அந்தக் குழப்பத்தைத் தீர்த்தது சி.டி. ஸ்கேன். துடிக்கிற இதயத்தைச் சி.டி.யில் எடுப்பது நெடுநாள் முடியாத காரியமாக இருந்தது, ஓடுகிற பேருந்தைப் பழைய கேமராவில் எடுத்தால் படம் கலங்கும் அல்லவா, அதே காரணம்தான். ஒரு சுற்றில் 64 அடுக்குகளை எடுக்கும் இயந்திரங்கள் 2000களின் நடுவில் வந்தபின் நிலைமை மாறியது. இப்போது இயந்திரம் இ.சி.ஜி.யோடு இணைந்து வேலை செய்கிறது. இரண்டு துடிப்புகளுக்கு நடுவே இதயம் ஏறக்குறைய அசையாமல் ஓய்வெடுக்கும் கணத்தைப் பார்த்துப் படம் பிடிக்கிறது.

உள்ளே என்ன நடக்கும்? கையில் ஊசி குத்தி அயோடின் கலந்த சாய மருந்து ஏற்றுவார்கள். உடம்பெல்லாம் சூடு பரவுவது போல இருக்கும், சிலருக்குச் சிறுநீர் போய்விட்டதோ என்றுகூடத் தோன்றும். போயிருக்காது. நிமிடத்துக்கு 60, 65க்கு மேல் துடித்தால் துடிப்பைக் குறைக்க முன்கூட்டியே மாத்திரை தருவார்கள். ஆஸ்துமா இருந்தால் இதைக் கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும், எல்லாருக்கும் அந்த மாத்திரை ஒத்துவராது. சிறுநீரகக் கோளாறு, முன்பு சாய மருந்து ஒத்துக்கொள்ளாத அனுபவம், கர்ப்பம் இவையும் அப்படியே. பிறகு "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்பார்கள். சில நொடிகள். அவ்வளவுதான் ஸ்கேன்.

அதன்பின் கணினியில் இதயத்தை எந்தப் பக்கமும் திருப்பிப் பார்க்கலாம். கதிரியக்க நிபுணர் தேடுவது இவற்றைத்தான்: எந்தக் குழிவிலிருந்து கிளம்புகிறது, வாய் வட்டமா கீறலா, எவ்வளவு சாய்ந்து கிளம்புகிறது, சுவருக்குள் எத்தனை மில்லிமீட்டர் ஓடுகிறது, எந்த வழியாகக் கடக்கிறது. அறுவை செய்வதா வேண்டாமா என்ற பேச்சு இந்த அளவுகளிலிருந்துதான் ஆரம்பிக்கிறது.

கதிர்வீச்சு பற்றிக் கவலை நியாயமானதே. ஆரம்ப கால இயந்திரங்களோடு ஒப்பிட்டால் இப்போது அளவு வெகுவாகக் குறைந்திருக்கிறது, ஆனாலும் பூஜ்யம் இல்லை. பிள்ளைகளுக்குத் தேவையில்லாமல் எடுக்கக் கூடாது என்பதும் அதனால்தான். எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சே இல்லை. தமனியின் தொடக்கத்தையும் வழியையும் காட்டும், இதயத் தசையில் வடு இருந்தால் அதையும் காட்டும். நுணுக்கமான விவரத்தில் சி.டி.க்கு ஒரு படி கீழே. வெகுநேரம் குழாய் மாதிரி இயந்திரத்துக்குள் அசையாமல் படுக்க வேண்டும், சின்னப் பிள்ளைகளுக்கு மயக்க மருந்து தேவைப்படலாம்.

படம் கிடைத்தபின்னும் ஒரு கேள்வி மிச்சம். குழாய் கோணலாக இருக்கிறது, சரி. அதனால் இதயத் தசைக்கு ரத்தம் குறைகிறதா? இதற்கு மருந்து கொடுத்து இதயத்தை ஓடவைத்தபடியே எடுக்கும் எம்.ஆர்.ஐ., எக்கோ அல்லது அணு ஸ்கேன் உதவும். சில மையங்களில் தமனிக்குள்ளேயே மெல்லிய ஒலி அலைக் கருவியை அனுப்பி ஒடுங்குவதை நேரில் பார்க்கிறார்கள்.

தானா ராத்தாவிலிருந்து எங்கே போவது?

தானா ராத்தாவில் சுல்தானா ஹஜ்ஜா கல்சோம் மாவட்ட மருத்துவமனை இருக்கிறது. அவசரத்துக்கு முதலில் போகவேண்டிய இடம் அதுதான். இதயத் தமனிக்கான சி.டி., பிள்ளைகளின் இதய நிபுணர், அறுவை சிகிச்சை என்று வரும்போது பெரிய மையங்களுக்கு எழுதிக்கொடுப்பார்கள். சிம்பாங் பூலாய் வழியாக இறங்கினால் ஈப்போ. தாப்பா வழியாக இறங்கினால், வளைவு வளைவாகச் சுமார் 60 கிலோமீட்டர் கடந்து நெடுஞ்சாலை, அங்கிருந்து கோலாலம்பூர். 1992 முதல் இயங்கும் தேசிய இருதயக் கழகம், அதாவது எல்லாரும் சொல்கிற ஐ.ஜே.என்., அங்கேதான் இருக்கிறது. செர்டாங் அரசு மருத்துவமனையிலும் இதய மையம் உண்டு.

மூன்று மணி நேரத்துக்கு மேல் பயணம். நாள் கூலிக்கு வேலை செய்பவருக்கு ஒரு நாள் சம்பளம் போய்விடும். தேதி கொடுத்த நாளில் பிள்ளை துள்ளிக் குதித்து ஓடிக்கொண்டிருப்பான். "இவனுக்கு என்ன, நல்லாத்தானே இருக்கான், அடுத்த மாசம் போவோம்" என்று மனசு சொல்லும். என் பார்வையில் இந்தக் குறைபாட்டின் உண்மையான ஆபத்து இங்கேதான் ஒளிந்திருக்கிறது. சோதனைகளுக்கு நடுவில் அவன் நன்றாகத்தான் இருப்பான். ஸ்கேன் முடிவு வரும்வரை ஓட்டம், பந்து விளையாட்டு எதுவும் வேண்டாம் என்று மருத்துவர் சொன்னால், அது முடிவு வரும்வரைதான். பள்ளிக்குக் கடிதம் கொடுத்து விளையாட்டு ஆசிரியரிடமும் சொல்லிவிடுங்கள்.

செலவு பயமாக இருந்தால் அரசு மருத்துவமனையிலேயே மருத்துவ சமூகநலப் பிரிவு இருக்கிறது. சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதிக்கு விண்ணப்பிக்க அவர்கள்தான் வழிகாட்டுவார்கள். கேட்டால்தான் கிடைக்கும், கேட்காமல் யாரும் வந்து தரமாட்டார்கள்.

விளையாட்டுத் திடலில் யாராவது விழுந்து, கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சு சரியாக இல்லை என்றால், ஸ்கேன் பேச்செல்லாம் பிறகு. 999க்கு அழையுங்கள், நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து வேகமாக, ஆழமாக அழுத்தத் தொடங்குங்கள், மின் அதிர்ச்சிக் கருவி பக்கத்தில் இருந்தால் கொண்டுவரச் சொல்லுங்கள். முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டு நின்றால் நிமிடங்கள் போய்விடும்.

கண்டுபிடித்தால் கட்டாயம் அறுவையா?

இல்லை. இடது தமனி இடம் மாறி நடு வழியில் போகிறது, அறிகுறியும் இருக்கிறது என்றால் அறுவை என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. வலது தமனி, எந்த அறிகுறியும் இல்லை, ஓடவைத்த சோதனையும் நன்றாக இருக்கிறது என்றால் பல மையங்களில் கண்காணிப்பு மட்டுமே. நடுவில் இருப்பவர்களுக்குக் குடும்பமும் மருத்துவரும் உட்கார்ந்து பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். மருத்துவர்களுக்குள்ளேயே இதில் வாதம் நடக்கிறது.

இன்னொன்று. உடல் பரிசோதனைத் தொகுப்பு வாங்கி, 55 வயதில் சி.டி. எடுத்து, "உங்க தமனி பிறவியிலேயே இடம் மாறியிருக்கு" என்று கேட்டுத் தூக்கம் இழப்பவர்களும் இருக்கிறார்கள். இந்தக் குறைபாட்டால் வரும் திடீர் மரணம் பெரும்பாலும் பதின்ம வயதிலும் இருபதுகளிலும் கடும் உடற்பயிற்சியின்போது நேர்வது. 55 வயதுவரை மேடு ஏறி இறங்கிய இதயம் ஏற்கெனவே ஒரு பரீட்சை எழுதிவிட்டது. அவருக்கு அதைவிட முக்கியம் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் சிகரெட்டும்.

அறுவை என்றால் என்ன செய்வார்கள்? தமனி பெருந்தமனிச் சுவருக்குள் ஓடினால், உள்பக்கமாக அந்தச் சுவரைத் திறந்துவிட்டு, கீறல் வாயை அகலமாக்கி, சரியான குழிவில் திறக்கும்படி செய்வார்கள். சுரங்கத்தின் கூரையைப் பிரிப்பது போல. அல்லது தமனியை வெட்டியெடுத்துச் சரியான இடத்தில் தைப்பார்கள். பிறகு சுமார் மூன்று மாதம் ஓய்வு, மறுபடியும் ஓடவைத்துச் சோதனை. எல்லாம் சரியாக இருந்தால் திடலுக்குத் திரும்பலாம்.

அமெரிக்கக் கூடைப்பந்தில் இதற்கு இரண்டு பெயர்கள் அடிக்கடி சொல்லப்படும். பீட் மாராவிச், லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்காக ஆடியவர். கல்லூரி ஆட்டங்களில் சராசரியாக ஆட்டத்துக்கு 44.2 புள்ளி எடுத்தவர். பிறகு 10 பருவங்கள் தொழில்முறை ஆட்டம். 1988 ஜனவரி 5 அன்று, கலிபோர்னியாவில் நண்பர்களோடு சும்மா ஒரு ஆட்டம் ஆடியபோது விழுந்து இறந்தார். வயது 40. உடலைச் சோதித்தபோது தெரிந்தது, அவருக்கு இடது கரோனரி தமனியே இல்லை. வலது தமனி ஒன்றை வைத்தே அத்தனை ஆண்டும் ஓடியிருக்கிறார். உயிரோடு இருக்கும்வரை யாருக்கும் அது தெரியாது.

இன்னொருவர் ஷரீஃப் ஓ'நீல், புகழ்பெற்ற ஷாகில் ஓ'நீலின் மகன். 2018இல் கல்லூரியில் சேர்ந்த புதிதில் நெஞ்சில் ஏதோ வித்தியாசமாக இருக்கிறது என்று சொல்ல, மருத்துவர்கள் தேடிப் பார்த்தார்கள். கரோனரி தமனி இடம் மாறியிருந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் அறுவை சிகிச்சை. மறு பருவத்தில் திடலுக்குத் திரும்பினார். 2020இல் கல்லூரி மாறி லூசியானா மாநிலப் பல்கலைக்கழக அணியில் சேர்ந்தார். அந்த அணி தன் ஆட்டங்களை ஆடும் அரங்கத்துக்குப் பீட் மாராவிச்சின் பெயர்.